பெயருக்குள் ஒரு சாய்கோடு

கணினியில் ஒன்றைத் தேடிப் பிடிக்கப் பல தகவல்களை ஒட்டி ஒரு சாவி செய்யும்போது, ஒட்டுவதற்குப் பயன்படுத்தும் குறி அந்தத் தகவல்களுக்குள் எங்குமே வரக்கூடாது. நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லப்படும் விதி இது. இதைவிட மேலான விதியும் ஒன்று இருக்கிறது: ஒட்டாதே. பெயர், இடம், தேதி என்று மூன்று தகவல் இருந்தால், மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் ஒரு கிளாஸ், அதாவது ஒரு தகவல் வார்ப்பு, எழுது. இரண்டு சாவிகள் சமமா என்று பார்க்கும்போது மூன்றையும் ஒப்பிடு. ஹேஷ் எண்ணைக் கணக்கிடும்போதும் அதே மூன்றிலிருந்து கணக்கிடு. சாவி உருவான பிறகு அதில் எதையும் மாற்ற விடாதே. மேசையில் வைத்த தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடிக்கக்கூடிய வேலை. இதை எழுதாமல் விட்டவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில், ஓய்வு பெறும்வரை எனக்கு இதுதான் பிழைப்பு. சிலிக்கான் தட்டுகள் கட்டுக் கட்டாக வரும். கட்டு எண் மட்டும் தெரிந்தால் போதாது, தட்டு எண் மட்டும் தெரிந்தாலும் போதாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு தட்டு. அந்த இரண்டையும் சேர்த்த கூட்டுச் சாவியைக் கொடுத்தால், மேப் என்கிற தேடல் அமைப்பு அந்தத் தட்டின் வரலாற்றை எடுத்துத் தரும். புரியாத மேலாளர்களுக்கு நான் அடுக்குமாடிக் கட்டடத்தின் தபால் பெட்டிச் சுவரைச் சொல்வேன். எந்தப் பெட்டி என்று ஹேஷ் எண் சொல்லும். பெட்டிக்குள் கிடக்கும் உறைகளில் எது உன்னுடையது என்று, சமமா என்று பார்க்கும் சோதனை சொல்லும். ஹேஷ் தவறினால், உள்ளே இருக்கும் பொருளையே இல்லை என்று பதில் வரும். அது தொல்லைதான், ஆனால் ஆள் விடாமல் தேடுவான். சமம் தவறினால் வேறு உறை உன் கைக்கு வரும். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாய். வேலையில் இருந்த காலத்தில் என்னைப் பயமுறுத்தியது எப்போதும் இந்த இரண்டாவதுதான்.

என் தங்கைக்கு வந்தது இரண்டாவது வகை.

அவள் கரங்கானில் இருக்கிறாள். கடைத்தெருவில் சின்னத் தையல் கடை. ரவிக்கை மட்டும்தான் தைப்பாள். திரைச்சீலை, தலையணை உறை என்று யாராவது கொண்டுவந்தால் எதிர்க் கடைக்கு அனுப்பிவிடுவாள். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். வெறும் நீர்க்கட்டி என்று முடிவு வந்தது. கட்டியும் கொஞ்ச நாளில் கரைந்துவிட்டது. இந்த வருடம், பொங்கல் முடிந்த கையோடு, வலது மார்பில் இன்னொன்று. அதே கிளினிக், அதே மாதிரி ஊசி, அதே பரிசோதனைக் கூடம்.

முதல் முறை எங்களுக்குப் பயம் இருந்தது. இரண்டாவது முறை பயத்துக்கு நினைவும் சேர்ந்துகொண்டது. எங்கள் அம்மாவுக்கு வந்ததும் வலது பக்கம்தான். நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் மருத்துவம் பார்த்த டிரெசர் களிம்பு கொடுத்தார். அம்மா அதை ஒழுங்காகத் தடவினாள். களிம்பு தீர்ந்ததும் போய் இன்னொரு டப்பா வாங்கி வந்தாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இப்போதெல்லாம் காகிதத்தில் வருவதில்லை. பரிசோதனைக் கூடத்தின் இணையப் பக்கத்தில் நோயாளியின் பெயர், கிளினிக்கின் குறியீடு, சதை எடுத்த தேதி மூன்றையும் தட்டினால் ஒரு வரியில் முடிவு வரும். இந்த நாட்டில் பிறந்த குழந்தைக்குக்கூட அடையாள அட்டை எண் இருக்கும்போது அதை ஏன் கேட்கவில்லை என்று எழுதிக் கேட்டேன். தனியுரிமைக்காக என்று பதில் சொன்னார்கள். ஆகவே எண்ணை மறைத்துவிட்டு, பெயரையும் நோயையும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை தங்கை போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை.

"அக்கா, கிளியர்லா! ஒண்ணும் இல்லையாம்! உங்களுக்கு வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன், பாருங்க."

நான் செமிலிங்கில் என் வீட்டு வாசலில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். எந்தத் திசையில் கும்பிட்டேன் என்று நினைவில்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைத் திறந்தேன். மேலே அவள் பெயர், கிளினிக், தேதி. கீழே மலாயில் ஒரு வரி, புற்றுநோய் அணுக்கள் இல்லை என்று. அதன் முடிவில் தனியாக ஒரே ஒரு சொல்: கிரி.

கிரி என்றால் இடது.

நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினாலும் இடதுதான்.

மறுநாள் கரங்கானுக்குப் போனேன். பீடோங்கைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது நினைவிருக்கிறது. கூலிமில் இறங்க வேண்டிய சந்திப்பைத் தவறவிட்டு வெகுதூரம் போய்த் திரும்பி வந்ததும் நினைவிருக்கிறது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே போகும் அந்தச் சாலையில் பல வருடமாக ஓட்டுகிறேன். அன்று ஸ்டியரிங்கைப் பிடித்த என் கை சில்லென்றிருந்தது. குளிர்சாதனத்தை அணைத்துப் பார்த்தேன். அதனால் இல்லை.

தங்கை வீட்டில் பாயசம் தயாராக இருந்தது. அவள் வீட்டுக்காரர் புதுச் சட்டையில் இருந்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இதுல இடதுன்னு போட்டிருக்கே" என்றேன்.

"நாங்களும் பாத்தோம் அக்கா" என்றார் அவர், ஏற்கெனவே யோசித்து முடித்தவராக. "அது சுசாவே இல்ல, பெரிய பிரச்சினையே இல்ல. டாக்டர் எங்க நிக்கிறாரு? எதிர்ல நிக்கிறாரு. அவருக்கு இடதுன்னா நமக்கு வலது. கண்ணாடி மாதிரி. அவரு அவரோட கைப்பக்கத்த எழுதியிருக்காரு, அவ்வளவுதான்."

"மாப்ள, டாக்டருங்க அப்படி எழுத மாட்டாங்க. நோயாளியோட பக்கத்தத்தான் எழுதுவாங்க. அது விதி."

"உங்களுக்கு எதுக்கும் ஒரு விதி இருக்கும்லா. பேக்டரியில மெஷினுக்குப் பாத்த வேலைய மனுஷனுக்குப் பாக்காதீங்க. அப்படி இல்லன்னா டைப்பிங் மிஸ்டேக்கு. பாயசம் ஆறுது, குடிங்க."

தங்கை என்னைப் பார்க்கவில்லை. முந்திரி போட்டது போதுமா என்று மட்டும் கேட்டாள். நான் குடித்தேன். இனிப்பு நாக்கில் ஏறவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். தங்கையின் பெயரையும் கிளினிக் குறியீட்டையும் சரியாகத் தட்டி, தேதியை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போட்டேன். அன்று அவளுக்கு எந்த ஊசியும் போடவில்லை. பதிவு இல்லை என்று வர வேண்டும். வரவில்லை. அதே வரி வந்தது: அணுக்கள் இல்லை, இடது. மேலே நான் தட்டிய பொய்த் தேதியையே எடுத்து, தான் கண்டுபிடித்ததுபோல எனக்குத் திருப்பிக் காட்டியது. போன மாதத்தைப் போட்டேன். அதே வரி. அவள் பிறந்த நாளைப் போட்டேன். அதே வரி. கடைசியில் அடுத்த தீபாவளியைப் போட்டேன். அடுத்த தீபாவளிக்கும் அவளுக்குப் புற்றுநோய் இல்லை என்று அந்தப் பக்கம் உறுதியாகச் சொன்னது.

நான் எழுந்து போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. யாரும் உள்ளே வரப்போவதில்லை.

தேதி பார்க்கப்படவே இல்லை என்றால், அவளுடைய இரண்டு மாதிரிகளுக்கும் ஒரே சாவிதான். இரண்டு வருடத்துக்கு முந்தைய இடது பக்கத்து நீர்க்கட்டி ஏற்கெனவே பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. புதியது வந்து அதை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை என்றால், ஏற்கெனவே ஒன்று இருந்தால் தொடாதே என்று யாரோ கவனமாக எழுதியிருக்கிறார்கள். கவனத்தில் ஒன்றும் குறைவில்லை. ஆகவே வலது பக்கத்தின் முடிவு எங்கோ வந்து, உள்ளே இடமில்லாமல் வெளியே நிற்கிறது. அது என்ன முடிவு என்று உலகத்தில் யாருக்கோ தெரியும். எங்களுக்குத் தெரியாது.

ஆனால் எல்லோருக்கும் தேதி விழுந்துபோனால் இந்தப் பக்கம் இத்தனை காலம் ஓடியிருக்காது. கூடவே வேலை பார்த்த மலாய்த் தோழி ஒருத்திக்குப் போன் செய்தேன். அவளும் அதே கிளினிக்கில் ஒரு பரிசோதனை செய்துகொண்டவள். தேதியை மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்ப அழைத்தாள். மாற்றிப் போட்டால் பதிவு இல்லை என்கிறதாம், சரியான தேதி போட்டால்தான் வருகிறதாம்.

அவள் பெயரும் என் தங்கையின் பெயரும் ஒரே அமைப்புதான். தன் பெயர், இன்னாருடைய மகள் என்று ஒரு சொல், பிறகு அப்பா பெயர். அவளுக்கு நடுவில் பிந்தி என்று வரும். எங்களுக்கு அனாக் பெரெம்புவான், அதைச் சுருக்கி ஏ/பி. பிறப்புச் சான்றிதழ் முதல் கல்லறைப் பதிவுவரை எங்களோடு வருகிற சாய்கோடு அது. வங்கியில் பாரம் நிரப்பினால் அனுமதிக்கப்படாத எழுத்து என்று சிவப்பில் வரும். விமானச் சீட்டில் ஏபி என்று அப்பாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, எங்கள் அப்பாவுக்கு யாரோ புதிதாகப் பெயர் வைத்ததுபோல் இருக்கும். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பழகிப்போனோம்.

மேசைக்குப் போய் என் பழைய கணினியைத் திறந்து, பத்துப் பதினைந்து வரியில் நிரல் எழுதினேன். பெயர், கிளினிக், தேதி மூன்றையும் சாய்கோடு போட்டு ஒரே சரமாக ஒட்டு. தேடும்போது சாய்கோடு வரும் இடத்தில் வெட்டி, முதல் மூன்று துண்டுகளை எடுத்துக்கொள். தோழியின் பெயரைப் போட்டேன். பெயர் ஒரு துண்டு, கிளினிக் ஒரு துண்டு, தேதி ஒரு துண்டு. தங்கையின் பெயரைப் போட்டேன். பெயர் அந்த ஏ என்ற எழுத்தோடு வெட்டுப்பட்டது. பி என்ற எழுத்தும் அப்பா பெயரும் இரண்டாவது துண்டு. கிளினிக் மூன்றாவது. போட்டிருப்பதோ மூன்று நாற்காலி. எங்கள் பெயரே இரண்டில் உட்கார்ந்துவிட்டது. தேதி வாசலில் நின்றது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பக்கத்தில் தேதியை வெறும் எண்களாகத் தட்டச் சொல்கிறார்கள், கோடு போடக்கூடாது என்று குறிப்பும் இருக்கிறது. ஆக, தேதிக்குள் சாய்கோடு வந்துவிடும் என்று ஒருவருக்கு நினைவு வந்திருக்கிறது. பெயருக்குள் வரும் என்று யாருக்கும் நினைவு வரவில்லை. இந்த நாட்டில் நாங்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கெடுப்பு கிடையாது.

பிறகு சரியானதையும் எழுதிப் பார்த்தேன். மூன்று புலங்கள் கொண்ட கிளாஸ், மூன்றையும் ஒப்பிடும் சமம், மூன்றிலிருந்தும் ஹேஷ். தங்கையின் இரண்டு மாதிரிகளையும் போட்டேன். இரண்டும் இரண்டாக நின்றன. இடது, நீர்க்கட்டி. வலது என்ற இடத்தில் நான் எதையாவது நிரப்ப வேண்டியிருந்தது. சும்மா ஒரு சோதனைத் தகவல்தானே, எதை வேண்டுமானாலும் எழுதலாம். கையை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் எதையும் எழுத முடியவில்லை. கணினியை மூடினேன்.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போனேன். ஊசி போட்ட டாக்டர் வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தார். புதிதாக வந்தவர் அதே பக்கத்தைத் திறந்து, அதே வரியை என்னிடம் வாசித்துக் காட்டினார். இடது, வலது மாறியிருப்பதைச் சொன்னேன். பரிசோதனைக் கூடத்தைக் கேளுங்கள் என்றார். வெளியே வரவேற்பு மேசையில் ஒரு தமிழ்ப் பெண்.

"ஆன்ட்டி, சிஸ்டம் உங்களுக்குக் காட்டுறதத்தான் எங்களுக்கும் காட்டும். வேற ஒண்ணும் எங்ககிட்ட இல்ல."

"உன் பேர்ல ஏ/பி இருக்காம்மா?"

"இருக்கே. ஏன் ஆன்ட்டி?"

"உனக்கு ஒடம்புக்கு ஏதாச்சும்னா வேற கிளினிக்குக்குப் போ."

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பரிசோதனைக் கூடத்துக்கு எழுதினேன். எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதினேன்: என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், எப்படிச் செய்தால் மீண்டும் நடக்கும், படங்கள் இணைப்பில். தொழிற்சாலையில் இப்படி ஒரு புகார் வந்தால் உற்பத்தி வரிசையையே நிறுத்துவோம். உடனே பதில் வந்தது, திறந்தேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று இயந்திரம் எழுதியிருந்தது. சில நாள் கழித்து மனிதர் ஒருவர் எழுதினார். தனிநபர் தகவல் பாதுகாப்பின்படி நோயாளியிடம் மட்டுமே பேச முடியும், அவர் கையொப்பமிட்டு எழுதிக் கேட்டால் சதை வைத்த கண்ணாடித் தகட்டை எடுத்து மறுபடி பார்க்கலாம்.

அந்த விதி எனக்குத் தெரியும். சரியான விதிதான். இந்த விவகாரத்தில் ஒழுங்காகப் பின்பற்றப்பட்ட ஒரே விதி எனக்கு எதிராக இருந்தது.

ஆகவே தங்கையிடம் சொல்லியாக வேண்டும். பாயசம் வைத்தவளிடம், கோயிலில் அர்ச்சனை முடித்து வந்தவளிடம், போய்ச் சொல்ல வேண்டும். நான் சொல்வது தவறாக இருந்தால், அவளுடைய நிம்மதியைக் கெடுத்த பாவி நான். சரியாக இருந்தால் அதைவிட மோசம். வாழ்க்கையில் முதல் முறையாக என் நிரல் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு நாள் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். அந்த இரண்டு நாளும் அந்தக் கட்டி சும்மா இருக்காதே என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தது.

போனபோது முதலில் அகப்பட்டவர் அவள் வீட்டுக்காரர். கடை வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். முழுவதையும் கேட்டார். முகம் இருண்டது.

"நல்லா இருக்கிறவளுக்கு வியாதி தேடிக் கொண்டாந்திருக்கீங்களா? பேருல ஒரு கோடு இருக்காம், அதனால கேன்சராம். யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க அக்கா."

"கேன்சர்னு நான் சொல்லல மாப்ள. தெரியாதுன்னு சொல்றேன்."

"தெரியாதுன்னா விடுங்களேன்! வந்த பதிலு நல்ல பதிலு. அத ஏன் நோண்டுறீங்க? ரெண்டு வாரமா இப்பத்தான் அவ தூங்குறா." அவர் குரல் உடைந்தது. அவரும் தூங்காதவர்தான் என்று அப்போது புரிந்தது. கோபமாக இருக்கிற வரையில் அவருக்குப் பயம் தெரியவில்லை. அந்தக் கோபத்தை நான் அவரிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"அவங்கள உள்ள விடுங்க" என்றாள் தங்கை.

அவள் மேசையில் ஒரு பட்டுத் துணி வெட்டிப் பரப்பியிருந்தது. சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பக்கம் இ என்றும் ஒரு பக்கம் வ என்றும் குறித்திருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு இவரு கண்ணாடி மாதிரின்னு சொன்னாருல்ல அக்கா, நான் தலையாட்டினேன். இத்தன வருஷமா பிளவுஸ் தைக்கிறேன். நாள் முழுக்க எவளாச்சும் ஒருத்தி என் எதிர்ல நிக்கிறா, நான் டேப்ப வச்சு அளக்கிறேன். எதிர்ல நிக்கிறவளோட இடது எது, வலது எதுன்னு எனக்குத் தெரியாதா? மாத்திக் குறிச்சா கொக்கி தப்புப் பக்கம் வரும். ஒரு தடவ கூட மாத்தினதில்ல."

கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியை மேசையில் வைத்தாள்.

"தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்" என்றாள். "தினமும் குளிக்கும்போது தொட்டுப் பாக்குறேன். வலதுலதான் இருக்கு. கரையல. ஒரு நாள் பெருசா இருக்கிற மாதிரி இருக்கு, ஒரு நாள் இல்லாத மாதிரி இருக்கு. அந்தப் படத்த எடுத்துப் பாத்துக்குவேன். இல்லன்னு போட்டிருக்கே, கவர்ன்மெண்டு மாதிரி இங்லீஷ் தேதியெல்லாம் போட்டிருக்கேன்னு சொல்லிக்குவேன்."

"அந்தத் தேதி நீ தட்டினதுதாம்மா."

"நானா?"

"நீ என்ன தட்டுறியோ அதையே திருப்பிக் காட்டும். நான் தீபாவளிய போட்டேன். அதுக்கும் இல்லன்னுதான் சொல்லுச்சி."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, நடுவிலேயே நின்றுபோனது. அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, பட்டுத் துணியை ஓரமாக மடித்து வைத்து, மேசையில் இடம் பண்ணிக் கொடுத்தார்.

கடிதத்தை அவளே எழுதினாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த மலாய் அவளுக்கு மறக்கவில்லை. நான் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். இரண்டு வரிதான் எழுதினாள். என் வலது பக்கத்து முடிவு எனக்கு வரவில்லை. எதுவாக இருந்தாலும் அனுப்புங்கள். பெயர் எழுதும் இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"கோடு போடவா, வேணாமா?"

"போடு" என்றேன். "அதுதான் உன் பேரு."

அதன் பிறகு காத்திருந்தோம். அவர்களுடைய வாடிக்கையாளர் சாசனத்தில் எத்தனை வேலை நாளுக்குள் பதில் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த நாள் வந்து போனது. போன் செய்தேன், சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். இதற்கிடையில் அரசாங்க மருத்துவமனையில் மறுபடி ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று அழைத்துக்கொண்டு போனேன். முதல் முடிவில் ஒன்றும் இல்லை என்று பதிவாகியிருப்பதால் அவசரப் பட்டியலில் சேர்க்க முடியாதாம். பொது வரிசையில் நாள் கொடுத்தார்கள். அந்த நாள் வெகுதூரத்தில் இருந்தது. அந்தத் தப்பான ஒரு வரி எங்களுக்கு முன்னால் போய், எல்லாக் கதவையும் மரியாதையாகச் சாத்திக்கொண்டே போனது.

போன் மணி அடித்தால் உடனே எடுக்காமல் கொஞ்சம் அடிக்க விடுவேன். அடிக்காவிட்டால் போனை எடுத்துப் பழுதாகிவிட்டதா என்று பார்ப்பேன். தங்கை கடையைத் திறந்துவைத்துத் தைத்துக்கொண்டுதான் இருந்தாள். தினமும் பேசினோம். அவள் கட்டியைப் பற்றிப் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். கொக்கி, கழுத்து இறக்கம், யாருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம், இதைத்தான் பேசுவோம். போனை வைத்ததும், இன்று அவள் குரல் சோர்வாக இருந்ததா என்று உட்கார்ந்து யோசிப்பேன். அவள் வீட்டுக்காரர் ஒரு நாள் தனியாக அழைத்து, மெதுவான குரலில், "அக்கா, அந்தப் பக்கத்துல இன்னொரு தடவ போட்டுப் பாத்தீங்களா? மாறியிருக்கா?" என்று கேட்டார். நான் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதை அவரிடம் சொல்லவில்லை. மாறவில்லை என்று மட்டும் சொன்னேன்.

பிறகு ஒரு காலையில் தங்கை அழைத்தாள்.

"பதில் வந்திருக்கு. நான் திறக்கல. நீங்க வாங்க."

நான் போகும்வரை இருவரும் கடையில் அந்தப் போனை மேசை நடுவில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ வாடிக்கையாளர் வந்து நின்று, இருந்த நிலையைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாளாம்.

"மலாய்ல படிக்காதீங்க" என்றாள். "தமிழ்ல சொல்லுங்க."

முதல் பத்தியில் மன்னிப்பு. முன்பு காட்டப்பட்டது பழைய மாதிரியின் முடிவு என்று கண்டறியப்பட்டுள்ளதாம். அமைப்பு சரிசெய்யப்பட்டு வருகிறதாம். அதைத் தாண்டி இரண்டாவது பத்திக்குப் போனேன். இரண்டு தடவை வாசித்தேன். நிமிர்ந்தபோது அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு" என்றேன். "வலது பக்கம் இருக்கு. உடனே சர்ஜன பாக்கச் சொல்லியிருக்காங்க. ரிப்போட்ட ஆஸ்பத்திரிக்கு அவங்களே அனுப்பிட்டாங்களாம்."

"ஆப்பரேஷன் பண்ணலாம்னு போட்டிருக்கா?"

"சர்ஜன பாருன்னா அதுக்குத்தானேம்மா."

அவள் மெல்லத் தலையாட்டினாள். ஊசியிலிருந்து நூலைக் கத்தரித்து, இயந்திரத்துக்கு உறை போட்டு மூடினாள். அவள் வீட்டுக்காரர் காடிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய் இன்ஜினைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் கை முன் இருக்கையின் இடுக்கு வழியாகப் பின்னால் நீண்டு என் விரல்களைப் பிடித்திருந்தது. என் கையைவிட அவள் கை சூடாக இருந்தது.

மருத்துவமனைப் பதிவு மேசையில் இருந்தவர் திரையில் தேடினார். இந்த முறை எங்களை வரிசைக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு படிவத்தை முன்னால் இழுத்துக்கொண்டு, பரிசோதனைக் கூடத்தின் பதில் நோயாளிக்கு எப்போது கிடைத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான்" என்றாள், இந்தத் தேதியாவது விழுந்துபோகக்கூடாது என்பதுபோல. "பங்குனி உத்திரத்துக்கு முந்தின திங்கக்கெழம."